கிரயமா, குத்தகையா?

மன்னார்குடி பந்தலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு, போன சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வந்தார். ஊரில் பலர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் படிக்காதவர்களுக்கும் அவர் டீச்சர்தான். கையில் வைத்திருந்த கைபேசியில் ஒரு நாவல் திறந்திருந்தது. ஒரு மின்னூல் கடையில் 99 ரூபாய் செலுத்தி வாங்கியது என்றார்.

"தம்பி, இதக் கொஞ்சம் பெரிய எழுத்தா பிரிண்ட் போட்டுக் குடேன். நீடாமங்கலத்துல அக்கா இருக்காங்க. போன்ல படிக்க வராது, கண்ணு ஆபரேஷன் வேற ஆயிருக்கு."

செயலியை மேலும் கீழும் துழாவிப் பார்த்தேன். அச்சிடுவதற்கு வழியே இல்லை. திரையைப் படம் பிடித்துப் பார்த்தேன். படம் முழுக்கக் கறுப்பாக வந்தது. முடியாது என்று சொன்னபோது டீச்சர் கோபப்படவில்லை. மளிகைக் கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்பாரே, அந்தத் தொனியில், "காசு குடுத்துத்தானே வாங்குனேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு தஞ்சாவூரில் இருக்கும் தம்பி மகனை அழைத்துப் பேசினார். பத்து நிமிடத்தில் அதே நாவல் டெலிகிராம் வழியாகப் பி.டி.எஃப். கோப்பாக வந்து இறங்கியது. யாரோ அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருந்தார்கள். இரண்டு பக்கங்களின் ஓரத்தில் படம் பிடித்தவரின் கட்டைவிரல்கூட விழுந்திருந்தது. டெம்மி அளவுப் பக்கம் ஏ4 தாளுக்கு விரிந்தபோது எழுத்தும் தானாகவே பெரிதானது. திருட்டுக் கோப்பு என்று தெரிந்தும், டீச்சர் அந்த நாவலுக்குப் பணம் கட்டியவர் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு அச்சடித்துக் கொடுத்தேன். அது சரியா என்று கேட்டால் இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது.

மின்னூல்களில் போடப்படும் நகல் பூட்டைப் பற்றிச் சாதாரண வாசகர்கள் கவலைப்படுகிறார்களா என்ற கேள்வி எழுதுகிறவர்கள், பதிப்பிக்கிறவர்கள், கணினி தெரிந்தவர்கள் ஆகியோரிடையே பல வருடங்களாக நடக்கும் வழக்கு. நகலெடுத்தே பிழைப்பவன் என்ற முறையில் அதில் சாட்சி சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். இத்தனை வருடத்தில், இந்தப் பூட்டின் ஆங்கிலப் பெயரான டி.ஆர்.எம். என்ற சொல்லை என் கடைக்கு வந்த ஒருவரும் உச்சரித்ததில்லை. "இது ஏன் வேற போன்ல வரமாட்டேங்குது?", "இத எப்படிப் பொண்ணுக்கு அனுப்புறது?", "பழைய போன்ல இருந்த புக்கெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டவர்கள் உண்டு. மூன்று கேள்விகளும் அந்தப் பூட்டைப் பற்றியவைதாம். பூட்டுக்குப் பெயர் இருப்பது கேட்டவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பூட்டின் இயக்கம் சிக்கலானதன்று. கடைக்காரர் கோப்பைக் குறியாக்கம் செய்து, வெறும் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும்படி மாற்றித்தான் தருகிறார். அதைத் திரும்ப எழுத்தாக்கும் சாவி நம் கணக்கோடும் நாம் பதிவு செய்த கருவியோடும் பிணைக்கப்பட்டு, அந்தக் கடையின் செயலிக்குள்ளேயே இருக்கிறது. ஒரே கைபேசி, ஒரே கடை, ஒரே வாசகர் என்று இருக்கும்வரை கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்வதால் அங்கே கதவு இருப்பதே தெரிவதில்லை. ஒரு கடையின் நூலை மற்றொரு கடையின் செயலியில் திறக்க முயலும்போதோ, அக்காவுக்குக் கொடுக்க நினைக்கும்போதோதான் கை அதில் இடித்துக்கொள்கிறது. ஆகவே "வாசகர்கள் கவலைப்படுவதில்லை" என்று பதிப்பாளர்கள் சொல்வது பொய்யன்று. இடித்துக்கொள்ளாதவரிடம் போய் வலிக்கிறதா என்று கேட்டு வாங்கிய பதில் அது.

இடித்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. 2009 ஜூலையில், விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவிகளிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்தபடி அழித்தது. பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். பாடத்துக்காகப் படித்துக் குறிப்பெழுதி வைத்திருந்த மாணவர் ஒருவர் அந்தக் குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்குத் தொடுத்தார். 2019 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது அங்கே வாங்கப்பட்ட நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. விலை முழுவதையும் திருப்பித் தந்ததோடு, ஓரக்குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும் கொடுத்தார்கள். ஓரக்குறிப்புக்கு விலை வைத்த தாராளத்தைப் பாராட்டத்தான் வேண்டும். குறிப்பெழுதியவர் அதை விற்க முன்வந்தாரா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. இந்த மூன்று செய்திகளையும் கடைக்கு வந்த வாசக நண்பர்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். முதலிரண்டைக் கேட்டு "அடப் பாவமே" என்றார்கள். மூன்றாவதைக் கேட்டு, "கம்பியில யார் மாத்துறா இப்ப?" என்றார்கள்.

இந்த அலட்சியத்தை நான் அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். என் சிறுவயதில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, முன்பணம் தனி. அம்மா மாத நாவல்களையும், வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதைகளையும் அங்கிருந்துதான் எடுத்துவரச் சொல்லுவார். படித்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். அந்த நூல்கள் எங்களுடையவை அல்ல என்பதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை, ஏனெனில் அவை எங்களுடையவை என்று யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. இன்று மாதச் சந்தா கட்டி விரும்பியதை எல்லாம் படிக்கும் ஏற்பாட்டில் இருக்கும் வாசகரும் அதே மனநிலையில்தான் இருக்கிறார். சந்தாவை நிறுத்தினால் நூல் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அங்கே பூட்டு இருப்பது நியாயம்தான். வாடகை சைக்கிளை இரவில் பூட்டி வைக்காத கடைக்காரர் உண்டா?

டீச்சரின் 99 ரூபாயில் நடந்தது வேறு. அவர் அழுத்திய பொத்தானில் "வாங்குக" என்று எழுதியிருந்தது.

என் கடையில் புத்தகத்தைவிட அதிகமாக அச்சாவது பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவையே. கிரயம், போக்கியம், குத்தகை என்ற மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தன் வீட்டு நிலம் இவற்றில் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். கோயில் நிலத்தைக் காலங்காலமாக உழுகிறவர்கூட அதைத் தன் நிலம் என்று பத்திரம் எழுத மாட்டார். குத்தகை நெல்லை அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பார். குத்தகை கேவலமான ஏற்பாடு அன்று. கிரயம் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் உள்ளே குத்தகைச் சீட்டு இருப்பதுதான் கேவலம். மின்னூல் கடைகளின் நிபந்தனைகளைக் கீழ்வரை படித்தால் இதுதான் எழுதியிருக்கிறது: உள்ளடக்கம் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது. பொத்தானில் ஒரு சொல், பத்திரத்தில் இன்னொரு சொல்.

அந்தக் குத்தகையிலும் நம் ஊர்க் குத்தகைக்கு இருக்கும் பாதுகாப்பு இல்லை. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குத்தகை பாக்கி போன்ற குறிப்பிட்ட காரணங்களைக் காட்டி முறைப்படி மனுப் போடாமல், உழுகிறவரை நிலத்திலிருந்து இறக்க முடியாது. அவர் இறந்துபோனால், அதே நிலத்தில் தம் உடலுழைப்பைச் செலுத்தும் வாரிசும் குத்தகைதாரராகவே கருதப்படுவார். மின்னூலின் வாசகர் இறந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பெரியப்பா வீட்டில் பார்த்தேன்.

பெரியப்பா மாயவரத்தில் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கண் மங்கத் தொடங்கிய பிறகு அண்ணன் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஆறேழு வருடம் படித்தார். அந்தக் காலத்தில் 200க்குக் குறையாத மின்னூல்களை விலை கொடுத்து வாங்கியிருந்தார். அவர் மறைந்த பிறகு கைபேசி எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, எண் போயிற்று. சில மாதங்களில் டேப்லெட்டின் பேட்டரி உப்பிக்கொண்டது. புதிய கருவியில் அவர் கணக்கைத் திறக்க முயன்றால் ஓ.டி.பி. அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும் என்றது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைத்து அண்ணன் அந்த மின்னூல் கடைக்கு மின்னஞ்சல் எழுதினார். கணக்கை வேறொருவர் பெயருக்கு மாற்ற நிபந்தனைகளில் இடமில்லை என்று மிகவும் பணிவான பதில் வந்தது. வங்கிக் கணக்கும், கேஸ் இணைப்பும், மின் இணைப்பும் பெயர் மாறிவிட்டன. நாவல்களும் தலபுராணங்களும் மாறவில்லை.

அதே வீட்டின் ரேழியில் பெரியப்பாவின் காகிதப் புத்தகங்கள் இரண்டு மர அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றோடு நீளவாக்கில் கோடு போட்ட ஒரு கணக்கு நோட்டும் உண்டு. யார் எந்தப் புத்தகத்தை எந்தத் தேதியில் வாங்கிப் போனார் என்று நீல மையில் எழுதியிருப்பார். திரும்பி வந்தால் ஒரு சுழி. வராவிட்டால் சிவப்பு மையில் "வரவில்லை". கருமாதிக்கு வந்தவர்களில் யாரோ அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் நான்கு புத்தகங்கள் வீடு தேடி வந்தன, ஒன்று கும்பகோணத்திலிருந்து பார்சலாக.

பூட்டை ஆதரிப்பவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு கடினம் என்பது ஊரறிந்தது. வெளிவந்த மறு வாரமே தன் புத்தகம் டெலிகிராமில் இலவசமாக உலவுவதைப் பார்க்கும் எழுத்தாளரின் வயிற்றெரிச்சல் உண்மையானது. அதைத் தொழில்நுட்பம் பேசி ஆற்ற முடியாது. ஆனால் அவர் பார்க்கும் கோப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும் என்பேன். என் கடைக்கு அச்சடிக்க வரும் திருட்டுப் பி.டி.எஃப்.களில் நான் கண்டவை அநேகமாக எல்லாமே காகிதப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. தையல் மடிப்பின் நிழல், நூலக முத்திரை, டீச்சரின் நாவலில் இருந்தது போன்ற கட்டைவிரல் என்று ஏதாவது ஒரு தடயம் இருக்கும். மின்னூலுக்குப் போட்ட பூட்டு அங்கே எதையும் தடுக்கவில்லை. வாசலுக்கு ஏழு தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொல்லைப் படலை ஆட்டுக்குட்டி தள்ளித் திறக்கும்படி விட்டு வைத்திருக்கும் வீடு அது. தாழ்ப்பாளால் அவதிப்படுவது வாசல் வழியாக வரும் வீட்டுக்காரர் மட்டும்தான்.

பூட்டை எடுத்துப் பார்த்த பதிப்பகமும் இருக்கிறது. அறிவியல் புனைகதைகளுக்குப் பெயர்பெற்ற டார் என்ற ஆங்கிலப் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்கள் அனைத்திலிருந்தும் பூட்டை நீக்கியது. திருட்டு குறிப்பிடும்படி கூடவில்லை என்று ஓராண்டு கழித்து அதன் பிரிட்டன் கிளை அறிவித்தது. அந்த வாசகர்கள் கணினியோடு புழங்குபவர்கள், நம் வாசகர்கள் அப்படியல்லர் என்று வாதிடலாம். வாதிடுபவரிடம் அந்தக் கட்டைவிரலைத்தான் மறுபடியும் காட்ட வேண்டியிருக்கும். வாங்கியவரின் பெயரையோ அடையாளக் குறியையோ கோப்புக்குள் பதித்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயர் எழுதித்தானே கொடுக்கிறோம். பெயர் எழுதிய புத்தகத்தை யாரும் நாற்சந்தியில் போட்டுவிட்டு வருவதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் எண்ணத்தோடு இத்தகைய பூட்டை உடைத்தால் 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் கிடைக்கலாம். "எண்ணத்தோடு" என்ற அந்தச் சொல் முக்கியமானது. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகச் செய்வதை இந்தப் பிரிவு தடுக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நகலெடுப்பவன் என்பதால் இன்னொரு தீர்ப்பும் எனக்கு மனப்பாடம். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கைத் தில்லி உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் சில கேள்விகளை விசாரிக்க வழக்கு திரும்ப அனுப்பப்பட்டாலும், பாடத்துக்காகப் பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது தவறில்லை என்ற நிலை மாறவில்லை. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. காகிதத்துக்கு இவ்வளவு நிதானமாக யோசித்த சட்டம் மின்னூல் வாசகருக்கும் வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. சாவி மட்டும் கடைக்காரரிடம் இருக்கிறது.

இரவல் என்பது எங்கள் வட்டாரத்தில் பெருமையோடு சொல்லப்படும் விஷயம். மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை 1931 அக்டோபரில் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் புத்தகங்களை ஏற்றி அனுப்பினார். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனும் காவிரிப் படுகையின் சீர்காழிக்காரர்தான். ஒரே புத்தகம் எத்தனை கைமாறுகிறதோ அத்தனைக்கு அதன் பயன் என்பதுதான் அந்த வண்டியின் கணக்கு. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் அமெரிக்க நூலகங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது: ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் தீர்ந்துவிடும், பிறகு மறுபடியும் வாங்க வேண்டும். காகிதப் புத்தகம் அத்தனை முறையில் நைந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. நூலகங்களுக்குப் பைண்டிங் செய்து கொடுத்தவன் சொல்கிறேன், 26 முறை இரவல் போன புத்தகம் எங்களிடம் முதல் தையலுக்கே வந்திருக்காது.

பூட்டு இல்லாவிட்டால் எல்லாம் நிலைத்துவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் நான் தட்டச்சு செய்த நூற்றுக்கணக்கான கல்யாணப் பத்திரிகைகளும் இரண்டு கவிதைத் தொகுப்புகளும் பழைய குறுந்தகடுகளில் கிடக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டுகின்றன. யாரும் பூட்டவில்லை, ஆனாலும் படிக்க முடியவில்லை. இருந்தாலும், அந்த எழுத்துரு எது என்று கண்டுபிடித்துவிட்டால் ஒரு மாற்றுநிரலில் போட்டு மீட்டுவிடலாம். மீட்காதே என்று சொல்ல யாருமில்லை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் இப்படித்தான் யூனிகோடுக்கு மாறி இன்றும் எல்லாருக்கும் கிடைக்கின்றன. கடையோடு மறைந்துபோகும் சாவிக்கு எந்த மாற்றுநிரலும் கிடையாது.

2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. எண்மப் (டிஜிட்டல்) பொருளை உரிமமாக மட்டுமே தரும் கடை, அதைத் தெளிவாக வாங்குபவருக்குச் சொல்லாமல் "வாங்குக" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. பூட்டை அது தொடவில்லை. பொத்தானின் சொல்லை மட்டும் தொட்டது. சாதாரண வாசகரின் உண்மையான குறை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்த சட்டமாக அதைத்தான் நான் கருதுகிறேன். நம் கடைகளிலும் நாவலின் விலைக்குப் பக்கத்தில் "இது குத்தகை, பிறருக்குக் கொடுக்க இயலாது, உங்கள் காலத்துக்குப் பின் செல்லாது" என்று நல்ல தமிழில் மூன்று தொடர் எழுதி வைத்தால், பாதிப் பேர் 99 ரூபாய்க்குச் சரி என்பார்கள், மீதிப் பேர் 30 ரூபாய்க்குக் கேட்பார்கள். பேரம் அங்கேதான் ஒழுங்காகத் தொடங்கும்.

போன மாதம் டீச்சர் மறுபடியும் வந்தார். அதே எழுத்தாளரின் அடுத்த நாவல், இந்த முறை காகிதப் புத்தகம், 350 ரூபாய். மின்னூலாகக் குறைந்த விலைக்குக் கிடைக்குமே என்று கேட்டதற்கு, "அது அக்காகிட்டப் போவாதே" என்றார். முதல் பக்கத்தில் ஏற்கெனவே தம் பெயரை எழுதி, அதன் கீழே சின்னதாக "அக்கா – ஆவணி 10" என்று குறித்திருந்தார். கெட்டியான பிளாஸ்டிக் அட்டை போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன், பதினைந்து ரூபாய்.